அரசலாற்றுத் துடுப்புப் போட்டி: எந்தப் படகு முதலில் கிளம்புவது?

கடைமடை
காணும் பொங்கலன்று காலையில் அரசலாற்றின் கடைசிப் பகுதியில், காரைக்கால் பக்கம், துடுப்புப் போட்டி. நாலு ஊர் சேர்ந்து நடத்துகிறது. தூரம் 3 கிலோமீட்டர், ஆற்றுப்போக்கில் கிழக்கு நோக்கி. 26 குழு பெயர் கொடுத்தாயிற்று. ஆண்கள் 8, பெண்கள் 6, நாற்பது தாண்டியவர்கள் 5, பள்ளிப் பையன்கள் 3, நகரும் இருக்கை வைத்த பந்தயப் படகோடு வரும் வெளியூர்க் கல்லூரிக் குழுக்கள் 4. கல்லூரிக் குழு தவிர மற்ற 22-ம் மோட்டாரைக் கழற்றிய பைபர் வத்தை, அதாவது மீன்பிடிக்கிற சின்னப் படகு. 4 பேர் துடுப்பு, ஒருவர் சுக்கான்.

ஆழமுள்ள ஓட்டம் 30 மீட்டர் அகலம்தான். மீதி மணல் திட்டும் வெங்காயத் தாமரையும். பக்கம் பக்கமாக விட்டால் இரண்டு படகுக்கு மேல் தாங்காது. அதனால் ஒன்றன்பின் ஒன்றாக விட்டு நேரம் எடுப்பது என்று முடிவு. சண்டை அதற்குப் பிறகுதான். ஒரு ஊர், "கோயில் எங்க ஊர்ல இருக்கு, முதல் படகு எங்களுது" என்கிறது. இன்னொரு ஊர் குலுக்கிப் போடு என்கிறது. கல்லூரிக்காரர்கள் வேகமானது முதலில் என்கிறார்கள். விதி எழுத வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாடைக்காத்து
குலுக்கலை முதலில் தூக்கிப் போடுங்கள். கணக்கு இதுதான். 3 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் முடிக்கும் படகு விநாடிக்கு 3.33 மீட்டர் போகிறது. 18 நிமிடப் படகு 2.78 மீட்டர். மெதுவான படகு முன்னால் கிளம்பி, 30 விநாடி கழித்து வேகமானது கிளம்பினால், அந்த நேரத்தில் நடுவில் இருக்கும் தண்ணீர் 83 மீட்டர். விநாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேலாக இடைவெளி குறையும். இரண்டரை நிமிடத்தில், அதாவது 500 மீட்டருக்குள், பின்னால் வந்து மோதுகிற தூரம். இடைவெளியை ஒரு நிமிடமாக்கினால் 1,000 மீட்டரில் அதே கதை. இந்த இரண்டு படகும் சந்திக்கவே கூடாதென்றால் 3 நிமிடம் விட வேண்டும். 26 படகுக்கு அப்படி விட்டால் கடைசிப் படகு கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

வேகமானது முதலில் போனால் இடைவெளி கூடிக்கொண்டே போகும். முந்துவதே இல்லை. லண்டன் தேம்ஸ் ஆற்றில் 1926-ல் ஸ்டீவ் ஃபேர்பேர்ன் ஆரம்பித்த ஹெட் ஆஃப் த ரிவர் ரேஸ் இதே முறைதான். மார்ட்லேக்கிலிருந்து பட்னி வரை சுமார் 6.8 கிலோமீட்டர், எட்டுத் துடுப்புப் படகுகள் நூற்றுக்கணக்கில், வற்றத்தோடு, அதாவது கடல்நீர் வடிகிற ஓட்டத்தோடு, கீழ்நோக்கி. போன வருடம் எந்த இடத்தில் முடித்ததோ அதுதான் இந்த வருடக் கிளம்பும் எண். புதுக் குழுக்கள் பின்னால்.

ஆகவே 26-ஐயும் பிரிவு பார்க்காமல் எதிர்பார்க்கும் நேரத்தின்படி ஒரே வரிசையில் நிறுத்துங்கள். பிரிவு என்பது பரிசுக்கு. வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மதகடி
குறுகலான ஆறு என்றதும் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டில் நடக்கிற பம்ப்ஸ் போட்டியை யாராவது இழுத்து வருவார்கள், அதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, ஒரே குண்டுச் சத்தத்தில் எல்லோரையும் விடுவார்கள். முன்னால் போகிறவனைத் தொட்டுவிட்டால் மறுநாள் அவன் இடம் உனக்கு. பைபர் வத்தையின் அணியம் (முன்முனை) முன்படகில் சுக்கான் பிடிக்கிறவர் முதுகில்தான் போய் இறங்கும். வேண்டவே வேண்டாம்.

பிரிவு பற்றி. முதல் பிரிப்பு படகால்தான் இருக்க வேண்டும், ஆளால் இல்லை. நகரும் இருக்கைப் படகில் காலும் வேலை செய்கிறது, நிலை இருக்கையில் முதுகும் கையும்தான். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால் சண்டைக்குப் பஞ்சமிருக்காது. ஆலப்புழை நேரு டிராபியைப் பாருங்கள். 1952-லிருந்து நடக்கிறது. சுண்டன், சுருளன், வெப்பு, இருட்டுக்குத்தி, தெக்கனோடி என்று படகு வகையே பிரிவு. வெப்பையும் இருட்டுக்குத்தியையும் துடுப்புக்காரர் எண்ணிக்கையை வைத்து மேலும் கிரேடு கிரேடாகப் பிரிக்கிறார்கள். பெண்கள் தெக்கனோடியில் வலிக்கிறார்கள்.

வத்தை எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததா என்றும் பாருங்கள். நீளம் ஒன்றாக இருந்தாலும், பழுது பார்த்துப் பார்த்து ஒட்டுப்போட்ட படகு புதியதைவிடக் கனமாக இருக்கும். உள்தளத்துக்கு அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் ஆட்டம் முடிந்தது. முதல் நாள் கரையேற்றி, வடிதுளைக் கட்டையைப் பிடுங்கி, பின்பக்கம் தாழ ஒரு ராத்திரி சாய்த்து வையுங்கள். காலையில் கட்டையை மாட்ட மறக்காதீர்கள். மறந்த படகு கிளம்பும் கோட்டுக்கே வராது.

சுக்கான்
வயதுப் பிரிவுக்கு உலகத் துடுப்புப் படகுச் சங்க விதியில் எடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று, வயதைப் போட்டி நாளில் கணக்கிடுவதில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31-ல் என்ன வயதோ அதுதான். ஜூனியர் என்றால் 18 முடிகிற ஆண்டின் கடைசி வரை. எத்தனையாம் வகுப்பு என்ற பேச்சே வராது. பிளஸ் டூவில் இரண்டு வருடம் தங்கிய பையன் விவகாரம் இதில் அடிபட்டுவிடும்.

இரண்டு, மூத்தோர் பிரிவில் குழுவின் சராசரி வயது. 27-க்குக் குறைந்தவர் கூடாது. ஏ பிரிவு 27-லிருந்து, பி சராசரி 36, சி 43, டி 50, ஈ 55, எஃப் 60, அப்படியே மேலே போகும். சுக்கான் பிடிப்பவர் வயது கணக்கில் வராது. 29, 41, 44, 62 வயதுள்ள நாலு பேர் என்றால் கூட்டல் 176, சராசரி 44, சி பிரிவு.

இங்கே ஓட்டை ஒன்று இருக்கிறது. 27 வயதுக் காளைகள் மூன்று பேரோடு 70 வயதுத் தாத்தாவை உட்கார வைத்தால் சராசரி 37.75. தாத்தா துடுப்பைத் தண்ணீரில் நனைத்தால் போதும், குழு பி-க்குப் போய்விடும். உங்கள் பிரிவு 5 குழுதான், அதை மேலும் உடைக்காதீர்கள். "சராசரி 40, ஒருவரும் 35-க்குக் கீழே இல்லை" என்று இரண்டு பூட்டும் போடுங்கள்.

ஆதாரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகல் வாங்கிக் கட்டி வைக்கிற வேலை வேண்டாம். பிறந்த வருடத்தை மட்டும் பதிவேட்டில் எழுதினால் போதும்.

எடைப் பிரிவு தேவையில்லை. ஒலிம்பிக்கிலேயே லைட்வெயிட் பாரிஸ் 2024-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் சுக்கான் பிடிப்பவர் எடையைக் கட்டாயம் பாருங்கள், இல்லாவிட்டால் ஊரில் உள்ள ஐந்தாம் வகுப்புப் பொடிசுகளையெல்லாம் பின்முனையில் ஏற்றிவிடுவார்கள். சர்வதேச விதியில் சுக்கான் குறைந்தது 55 கிலோ. குறைந்தால் 15 கிலோ வரை கட்டி எடை, அதாவது ஈடுகட்டுகிற பாரம், வைத்துக்கொள்ளலாம், அவர் பக்கத்திலேயே. எடை பார்ப்பது அன்றைய முதல் போட்டிக்கு 2 மணி நேரத்துக்கு உள்ளாகவும் 1 மணி நேரத்துக்கு முன்பாகவும்.

கடைமடை
கட்டி எடைக்கு மணல் மூட்டை போதுமா?

சுக்கான்
வேண்டாம். காய்ந்த மணலை நிறுத்து ஏற்றினால் நனைந்து கனக்கும், ஈர மணலை ஏற்றினால் வெயிலில் இளைக்கும். சாக்கு அவிழ்ந்தால் பாதி ஆற்றில். மளிகைக் கடை இரும்பு எடைக்கல் 5 கிலோ இரண்டு, 2 கிலோ ஒன்று, 1 கிலோ ஒன்று இரவல் வாங்கி, பையில் போட்டு இருக்கைக்கடியில் கட்டுங்கள். முடித்து வந்ததும் கரையில் மறுபடி எண்ணுங்கள். நடுவழியில் ஆற்றுக்குக் காணிக்கை போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு.

நாணல்
வாடைக்காத்து அண்ணே, உங்கள் கணக்கில் தப்பில்லை. ஆனால் அது ஓட்டம் மாறாத தண்ணீருக்கு. இது கழிமுகம்.

படகு தண்ணீரில் விநாடிக்கு 3 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் 0.26 மீட்டர் இருக்கும்போது 3 கிலோமீட்டருக்கு 920 விநாடி. ஓட்டம் 0.19-க்கு இறங்கினால் 940. அதே கை, அதே படகு, 20 விநாடி வித்தியாசம். ஒரே தரத்தில் இருக்கிற இரண்டு பெண்கள் குழுவுக்கு நடுவே பரிசைத் தீர்மானிக்க இது தாராளம். 26 படகையும் கலந்து வேக வரிசையில் விட்டால், பெண்களில் வேகமான குழு ஆண்களுக்கு நடுவே ஆரம்பத்திலேயே போய்விடும், ஆறாவது குழு பத்து நிமிடம் கழித்து வேறு தண்ணீரில் வரும். யாரோடு யார் போட்டியோ அவர்கள் ஒரே தண்ணீரில் போக வேண்டாமா?

பிரிவு பிரிவாக விடுங்கள். பிரிவுக்குள் வேகமானது முதலில். 8 படகுள்ள பிரிவும் 30 விநாடி வீதம் மூன்றரை நிமிடத்தில் கிளம்பிவிடும்.

நேரத்தையும் பார்த்து வையுங்கள். நம் கரையில் ஒரு நாளைக்குக் கடலில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு சுற்று 12 மணி 25 நிமிடம், அதனால் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளும். வற்றத்தின் நடுவில் ஓட்டம் உச்சத்தில் இருக்கும், அப்போதுதான் அது மிக மெதுவாக மாறும். உச்சத்தில் 0.5 மீட்டர் ஓட்டம் என்றால் 20 நிமிடம் கழித்தும் 0.49. 3 கிலோமீட்டருக்கு 3 விநாடிகூட மாறாது. நான் மேலே சொன்ன 0.26, 0.19 கணக்கு உச்சம் தாண்டி 2 மணி நேரம் கழித்து, அதே 20 நிமிடத்தில் வருவது. ஓட்டம் குறைவாக இருக்கிற நேரம்தான் நியாயமான நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு.

வாடைக்காத்து
ஒத்துக்கொள்கிறேன். ஒரே வரிசை என்று நான் சொன்னது இங்கே நிற்காது. ஆனால் பிரிவாக விட்டால் அடுத்த பிரிவின் முதல் படகு, முந்தைய பிரிவின் கடைசிப் படகைப் பிடித்துவிடும். அதற்கு இடைவெளி விட வேண்டும். முன் பிரிவில் மிக மெதுவான குழுவின் நேரத்திலிருந்து பின் பிரிவில் மிக வேகமான குழுவின் நேரத்தைக் கழியுங்கள், அதோடு கைக்காவலுக்கு ஒரு நிமிடம். முன் பிரிவில் கடைசி 17 நிமிடம், பின் பிரிவில் முதல் 16 நிமிடம் என்றால் 1 கூட்டல் 1, இரண்டு நிமிடம்.

இந்த நேரமெல்லாம் எங்கிருந்து வரும் என்றால், இரண்டு நாள் முன்பு 500 மீட்டர் ஓட்டிப் பாருங்கள், எல்லாக் குழுவையும் ஒரே அரை மணி நேரத்துக்குள். வந்த நேரத்தை 6-ஆல் பெருக்கி நூற்றுக்கு 5 கூட்டுங்கள். 500 மீட்டரில் பிடிக்கிற வேகம் கடைசி வரை நிற்காது. வேண்டுமென்றே மெதுவாக வலித்துக் காட்டினால் லாபம் உண்டா என்று கேட்பார்கள். முன்னால் துரத்த ஒரு படகு கிடைக்கும், அவ்வளவுதான். அதை முந்தச் சுற்றிப் போகும்போது கிடைத்ததெல்லாம் போய்விடும்.

மதகடி
நாணல் சொன்ன ஓட்டத்தை அட்டவணையை நம்பி எடுக்காதீர்கள். கடலில் ஏற்றம் திரும்பினாலும் ஆற்றுக்குள் தண்ணீர் திரும்பச் சற்று நேரமாகும். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தால் இன்னும் தாமதம். மேலேயிருந்து வருகிற தண்ணீரும் இருக்கிறது. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28 வரை விடுவார்கள், பொங்கல் அதற்குள் வருகிறது. கல்லணையில் முறை வைத்துக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் மாற்றி விட்டால் இரண்டு மூன்று நாளில் கடைமடையில் மட்டம் வேறு. நீர்வளத் துறை ஆட்களிடம் அந்த வார முறை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

அளக்க ஒரு முழுத் தேங்காய் போதும், மட்டை உரிக்காதது. முக்கால்வாசி அமிழ்ந்து மிதக்கும், காற்று இழுக்காது. பிளாஸ்டிக் பாட்டில் போட்டால் வாடை தள்ளிக்கொண்டு போய்விடும், நீங்கள் காற்றை அளப்பீர்கள். கரையில் 50 மீட்டருக்கு இரண்டு கழி நட்டு, ஓட்டத்தின் நடுவில் தேங்காயை விட்டு நேரம் பாருங்கள். 100 விநாடி ஆனால் 0.5 மீட்டர், 125 ஆனால் 0.4. கால் மணிக்கு ஒருமுறை, காலை 5-லிருந்து 9 வரை, போட்டிக்கு முந்தைய இரண்டு நாளும். உச்சம் எப்போது என்று தாளில் தெரிந்துவிடும். மூன்றாம் நாள் அதைச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போடுங்கள்.

செவ்வந்தி
வரிசையில் பெண்கள் எங்கே? கல்லூரி, ஆண்கள், பெரியவர்கள், பையன்கள், கடைசியில் பெண்கள் என்றுதானே எழுதப் போகிறீர்கள். பரிசு பிரிவுக்குள் என்பதால் நியாயம் கெடாது என்பீர்கள். தண்ணீருக்கு நியாயம் கெடாது. கொண்டல் (கீழ்க்காற்று) எழும்பி அலை சேருகிற நேரமும், பார்க்கிற கூட்டம் டிபனுக்குக் கலைகிற நேரமும் கடைசிப் பிரிவுக்குத்தான்.

பையன்கள் 17-லிருந்து 19 நிமிடம், பெண்கள் 17-லிருந்து 20 என்று வைப்போம். பையன்கள் முதலில் என்றால் இடைவெளி 2 கூட்டல் 1, மூன்று நிமிடம். பெண்கள் முதலில் என்றால் 3 கூட்டல் 1, நாலு. மாற்றுவதற்கு ஆகிற செலவு ஒரே ஒரு நிமிடம்.

வாடைக்காத்து
சரிதான், மாற்றிவிடலாம். பையன்கள் கடைசி என்றால் கூட்டம் கலையாது, அந்தப் பையன்களின் அம்மாக்கள் அதற்குள் போட்டியை முடித்துவிட்டுக் கரையில் நிற்பார்கள். இன்னொன்று, "மொத்தத்தில் வேகமான படகு" என்று பொதுக் கோப்பை எதுவும் வைக்காதீர்கள். வெவ்வேறு பிரிவு, வெவ்வேறு தண்ணீர். யாராவது கோப்பை கொடுத்தே தீருவேன் என்றால் ஆண்கள் பிரிவுக்கே அதைக் கொடுத்துவிடுங்கள்.

கடைமடை
முதல் மரியாதை விஷயத்துக்கு வழி?

நாணல்
மரியாதையை எண்ணிலிருந்து பிரித்துவிடுங்கள். கோயில் ஊர்க்காரர்கள் கொடியசைக்கட்டும், போட்டிக்கு முன்னால் எல்லாப் படகும் வரிசையாகக் கடந்து போகும்போது அவர்கள் படகு முன்னே போகட்டும், பரிவட்டம் கட்டிக்கொள்ளட்டும். அது 6:15-க்கு முடிந்துவிட வேண்டும். போட்டி எண் 500 மீட்டர் நேரத்திலிருந்து மட்டும். விநாடி வரை சமமாக வந்த இரண்டு குழுவுக்குத்தான் குலுக்கல். இதை வாயால் சொல்லாதீர்கள், நாலு ஊர் நாட்டாண்மையும் கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கட்டும், 500 மீட்டர் ஓட்டத்துக்கு முன்பே. நேரம் தெரிந்த பிறகு கையெழுத்துக் கேட்டால் கிடைக்காது.

மதகடி
கிளம்பும் முறை. படகை நிறுத்திப் பிடித்து விடுவது இங்கே சரிவராது, ஓட்டத்தில் பிடிக்கிறவர் கையைப் பொறுத்து யாருக்கோ ஒரு மீட்டர் கிடைத்துவிடும். ஓடி வந்து கோட்டைத் தாண்டுகிற முறைதான். கோட்டுக்கு மேற்கே 150 மீட்டரில் புறப்பட்டு, 50 மீட்டரில் முழு வேகம். அணிய நுனி கோட்டைத் தொடும்போது நேரம் ஆரம்பம்.

அதற்கும் மேற்கே காத்திருக்கிற இடம். 26 படகும் சும்மா மிதந்தால் ஐந்தே நிமிடத்தில் எண் வரிசை குலைந்து கோட்டின் மேல் வந்து நிற்கும். வடகரையோரமாக மூங்கில் நட்டு, கயிறு கட்டுங்கள். படகுக்கு 7 மீட்டர், இடைவெளி 1 மீட்டர், 26 படகுக்கு 208 மீட்டர் கயிறு. சுக்கான்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கோட்டுக்குப் பக்கத்தில் எண் 1, கடைசியில் 26. கயிறு தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு முழம் மேலே இருக்கட்டும். தாழ்ந்தால் துடுப்பு சிக்கும், வெங்காயத் தாமரையும் வந்து சேர்ந்து பாரம் தாங்காமல் மூங்கில் சாயும்.

ஸ்டார்ட்டர் ஒவ்வொரு படகுக்கும் அதன் எண்ணோடு சொல்ல வேண்டியது மூன்றே சொல். 8-ஆம் எண் என்றால், "எட்டு, வா." "எட்டு, முழுசா." "எட்டு, போ." பெரிய மைக் வேண்டாம், கைமைக் போதும். பெரிய மைக்கில் கரைப் பாட்டும் சேர்ந்து வந்து பாதிக் குழுவுக்கு ஒன்றும் கேட்காது.

இடைவெளி 30 விநாடி என்றால் 25-க்குக் குறையவும் கூடாது, 40-ஐத் தாண்டவும் கூடாது. சிலர் முன்படகின் அலை அடங்கட்டும் என்று வேண்டுமென்றே தங்குவார்கள். அப்படித் தங்கினால் 10 விநாடி அபராதம். கூப்பிட்டபோது கயிற்றில் இல்லாத படகு தன் பிரிவின் கடைசியில் கிளம்பலாம், 30 விநாடி அபராதத்தோடு. பிரிவே போய்விட்டால் வரலாம், வலிக்கலாம், பட்டியலில் பெயர் வராது.

சுக்கான்
முந்துகிற விதி. என்னதான் வரிசை பார்த்து விட்டாலும் ஒருவருக்குத் துடுப்புக் கயிறு அறும், இரண்டு பேர் முந்துவார்கள். பின்படகு ஒரு படகு நீளத்துக்குள் வந்ததும் சுக்கான்காரர் முன்படகின் எண்ணைச் சொல்லிக் கத்த வேண்டும். முன்படகு தென்கரைப் பக்கம் ஒதுங்க வேண்டும், எப்போதும் தென்கரை. முந்துகிறவர் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிற விதியும் உண்டு, அது பழகிய சுக்கான்களுக்கு. இங்கே ஒரே பக்கம் என்றால்தான் குழப்பம் வராது. துடுப்பு விரித்த வத்தை 6 மீட்டர் அகலம் என்றால் இரண்டு படகுக்கு 12, நடுவில் 3 விட்டாலும் 15. உங்கள் 30 மீட்டரில் தாராளம். பாலத் தூணுக்கு 50 மீட்டர் முன்னாலிருந்து தாண்டும் வரை முந்தக் கூடாது. ஒதுங்காவிட்டால் 30 விநாடி. மோதினால் தப்பு யார் பக்கமோ அந்தப் படகு வெளியே.

ஆள் மாற்றம்: பாதிப் பேர் வரை, அதாவது நாலில் இரண்டு பேரும் சுக்கானும், போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை. சர்வதேச விதியும் இந்த அளவுதான். மூன்று பேர் மாறினால் அது வேறு குழு, 500 மீட்டர் நேரம் செல்லாது.

கடைமடை
நேரம் எடுக்க இரண்டு போன் போதுமென்று நினைத்தோம்.

வாடைக்காத்து
போன் கடிகாரத்தை நம்பி இறங்காதீர்கள், இரண்டு போனுக்கு நடுவே ஓரிரு விநாடி வித்தியாசம் சர்வசாதாரணம். நாலு ஸ்டாப்வாட்ச் வாங்கி, ஒரே மேசையில் வைத்து, "மூணு, ரெண்டு, ஒண்ணு" சொல்லி நாலையும் ஒன்றாக அழுத்துங்கள். இரண்டு கிளம்பும் கோட்டுக்கு, இரண்டு முடியும் கோட்டுக்கு. பிறகு ஒருவரும் நிறுத்தக் கூடாது. ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே போக வேண்டும். எல்லாம் முடிந்ததும் நாலையும் மறுபடி ஒரே மேசைக்குக் கொண்டு வந்து ஒத்துப் பாருங்கள். அரை விநாடிக்கு மேல் விலகியிருந்தால் இரண்டாவது கடிகாரத்துத் தாளை எடுங்கள்.

முடியும் கோட்டில் ஆற்றின் குறுக்கே கயிறு கட்டாதீர்கள். ஒரே கரையில் இரண்டு மூங்கிலை ஒன்றன்பின் ஒன்றாக, 5 மீட்டர் விட்டு நடுங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிகிற கோட்டில் அணியம் வரும்போது ஒருவர் "ஹூம்" என்று குரல் கொடுக்க வேண்டும், இன்னொருவர் கடிகாரம் பார்த்துச் சொல்ல வேண்டும், மூன்றாமவர் எழுத வேண்டும். நாலாமவர் எண்ணை மட்டும், வருகிற வரிசையில், நேரமில்லாமல் தனித் தாளில் எழுதட்டும். மூன்று படகு சேர்ந்தாற்போல் வரும்போது முதல் தாள் குழம்பும், அந்த நாலாவது தாள்தான் காப்பாற்றும். பென்சிலால் எழுதுங்கள். தண்ணீர் பட்டால் பேனா மை போய்விடும்.

எண் அட்டை அணியத்தின் இரண்டு பக்கமும். சுக்கான்காரர் முதுகில் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அது எப்போதும் எதிர்க்கரைக்குத்தான் தெரியும்.

கடைமடை
8-ஆம் எண்ணை யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

சுக்கான்
கூடவே கூடாது. முடியும் கோட்டில் இருப்பவர் 7 பார்ப்பார், 9 பார்ப்பார், 8 எங்கே கவிழ்ந்தது என்று மீட்புப் படகை அனுப்புவார். அது வேண்டாமென்று பழகிவிட்டால், நிஜமாகவே ஒரு எண் வராதபோது "அது இல்லாத எண்ணாக இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். எண்ணில் ஓட்டை கூடாது. வராத குழுவின் எண்ணைக்கூட 6:30-க்கு அடித்து, இரண்டு கோட்டிலும் உள்ள தாளில் கோடு போடுங்கள்.

மதகடி
முகத்துவாரம் பற்றி யாரும் சொல்லவில்லை. வற்றத்தில் கீழ்நோக்கிப் போட்டி என்றால் துடுப்பு ஒடிந்த படகு கடலைப் பார்த்துத்தான் போகும். முடியும் கோடு முகத்துவாரத்துக்கு ஒரு கிலோமீட்டராவது மேற்கே இருக்க வேண்டும். மோட்டார் போட்ட மீட்புப் படகு மூன்று: ஒன்று நடுவழியில், ஒன்று முடியும் கோட்டில், ஒன்று அதற்கும் கிழக்கே. மூன்றாவது இடத்தை விட்டு அசையவே கூடாது. கடல் ஏற்றத்தில் மேல்நோக்கி விட்டால் இந்தப் பயம் இல்லை, ஆனால் தை மாதத்தில் மேல்தண்ணீர் எதிர்த்து வரும், ஏற்றம் பிசுபிசுத்துப் போகும். ஓட்டம் நிலையாக இருக்காது.

சட்டை, லைப் ஜாக்கெட் எல்லோருக்கும். பெண்கள் புடவையில் வரக் கூடாது என்று எழுதுங்கள், ஆண்கள் வேட்டியில் வரக் கூடாது என்றும் அதே வரியில் எழுதுங்கள். அனுமதி: தொடங்கும் இடம் தமிழ்நாட்டு எல்லையில் வந்தால் இரண்டு அரசாங்கத்திடமும் மனு போட வேண்டியிருக்கும், காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. 3 கிலோமீட்டரையும் ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

கடைமடை
அடக்கியாயிற்று. எல்லாம் சேர்த்து எழுதியது, பாருங்கள். தேங்காய் போட்டுப் பார்த்து உச்சம் எப்போது வருகிறதோ அதற்கு 10 நிமிடம் முன்பு முதல் படகு. இப்போதைக்கு 7:00 என்று வைத்து:

கல்லூரி, எண் 1 முதல் 4: 7:00:00 முதல் 7:01:30
ஆண்கள், 5 முதல் 12: 7:02:30 முதல் 7:06:00
நாற்பது தாண்டியோர், 13 முதல் 17: 7:08:00 முதல் 7:10:00
பெண்கள், 18 முதல் 23: 7:12:00 முதல் 7:14:30
பையன்கள், 24 முதல் 26: 7:18:30 முதல் 7:19:30

8-ஆம் எண் ஆண்கள் பிரிவில் விழுகிறது. 500 மீட்டரில் நாலாவது வருகிற குழுவுக்கு அதுதான், பேச்சில்லை. கயிறு 220 மீட்டராக வாங்கியாயிற்று.

நாணல்
7:14:30-க்குப் பிறகு வருகிற 4 நிமிடத்தையும் மற்ற இடைவெளிகளையும் கரைக்காரர்களுக்கு அறிவித்துவிடுங்கள். கிளம்பும் கோட்டுக்குப் பக்கத்தில் அக்கரைக்குப் போக வேண்டிய படகு எதுவானாலும் அப்போது மட்டும்தான் குறுக்கே போகலாம். முடியும் கோட்டுப் பக்கம் அந்தச் சலுகை கிடையாது, அங்கே பிரிவுகள் நெருங்கிவிடும், கடைசிப் படகு வரும்வரை குறுக்கே யாருக்கும் வழியில்லை. வலை கட்டியிருப்பவர்களிடம் முந்தின நாள் சாயங்காலமே சொல்லி அவிழ்க்கச் சொல்லுங்கள், காலையில் போய்ச் சொன்னால் இறாலோடு நிற்பார்கள்.